மேலே இரண்டு, கீழே ஒன்று

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மின்சார ஆபீஸில் ஒரு படிவம் இருந்தது. எந்த டிரான்ஸ்ஃபார்மரிலாவது ஃப்யூஸ் போனால் லைன்மேன் நேரில் போய்ப் பார்த்துச் சரிசெய்துவிட்டு வந்து அதை நிரப்பித் தர வேண்டும். இடது பக்கம் 'மேலே' என்று போட்டிருக்கும். அது பதினோராயிரம் வோல்ட் வந்து சேருகிற பக்கம். வலது பக்கம் 'கீழே'. அது வீட்டுக்கும் மில்லுக்கும் இறங்கிப் போகிற நானூறு வோல்ட் பக்கம். இரண்டு பக்கமும் மூன்று மூன்று கட்டங்கள். சிவப்புக்கு எதிரே சிவப்பு, மஞ்சளுக்கு எதிரே மஞ்சள், நீலத்துக்கு எதிரே நீலம். கம்பங்களிலும் அதே வரிசையில் பெயிண்ட் அடித்து வைத்திருந்தோம்.

அதனால் எங்கள் ஆபீஸில் பியூனிலிருந்து இன்ஜினியர் வரைக்கும் ஓர் எண்ணம் ஊறிப்போயிருந்தது. மேலே சிவப்பில் நுழைகிற கரண்ட், கீழே சிவப்பில்தான் வெளியே வரும். மூன்று குழாயில் தண்ணீர் இறங்குகிற மாதிரி. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை. தினமும் அந்தப் படிவத்தைப் பார்த்துப் பார்த்து நாங்களே அப்படி ஆகிவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள். நான் அங்கே சூப்பர்வைசர். டிப்ளமா முடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. லால்குடிப் பக்கம் நெல் போடுகிற குடும்பம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேன்ட் போட்டவன் நான்தான். அந்தக் கெத்து கொஞ்சம் உண்டு. கோபமோ எப்போதும் மூக்கின் மேலே உட்கார்ந்திருக்கும்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு ரைஸ் மில்லின் ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார். மில்லில் கரண்ட் இல்லை, அவித்த நெல் அப்படியே கிடக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் போனால் வாடை வந்துவிடும் என்று பதறினார். அந்தப் பக்கத்து லைன்மேன் ஏற்கெனவே அங்கே போய்விட்டார் என்றும் சொன்னார். நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த லைன்மேன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. அந்த மார்கழியில்தான் தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கும் பட்டியல் மேலிடத்துக்குப் போக இருந்தது. பட்டியலில் பெயர் ஏறினால் ஆயுசுக்கும் வேலை. ஏறாவிட்டால் தை பிறந்ததும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் போனபோது அவர் கம்பத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து கீழே இறங்குற கம்பிங்க. சிவப்பு. ரப்பர் உரிஞ்சு போயி இரும்புச் சட்டத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பாருங்க, அந்த இடமே கருகிப் போயிருக்கு."

பார்த்தேன். சட்டத்தில் ஒரே ஓர் இடத்தில் கருப்பு. மஞ்சளும் நீலமும் அலுங்காமல் இருந்தன.

"சரி, மேலே எது போச்சு?"

"ரெண்டு போயிருக்குங்க. சிவப்பும் மஞ்சளும்."

"ரெண்டா? கீழே ஒண்ணுதானே தொட்டுச்சு?"

"ஒண்ணுதாங்க."

"அப்ப மேலே எப்படிய்யா ரெண்டு போகும்?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "அதாங்க எனக்கும் வெளங்கலை. ஆனா அப்படித்தான் போயிருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போன வாரம் புயலடித்த மறுநாள் அந்த மூன்று மேல் ஃப்யூஸையும் புதிதாகக் கட்டியவர் அவர்தான். எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டதாக நினைத்தேன். மஞ்சளுக்கு மெல்லிசான கம்பியைச் சுற்றியிருக்கிறார். சிவப்பு வெடித்த அதிர்ச்சியில் அதுவும் போய்விட்டது.

"மூணுக்கும் ஒரே சுருள்லேர்ந்துதாங்க வெட்டிக் கட்டினேன்" என்றார் அவர். "வேணும்னா சுருளைக் காட்டறேன்."

சுருளைக் காட்டி என்ன பிரயோஜனம்? மேலே இருந்த கம்பி உருகிக் காற்றோடு போயிருந்தது. முனையில் கடுகு அளவு செம்பு உருண்டைகள்தான் மிச்சம்.

சாயங்காலம் எங்கள் இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். ரிட்டயராக ஒரு வருஷமே இருந்த மனிதர். எந்தக் காகிதமும் தன் மேஜையில் இரண்டு நாள் தங்கக்கூடாது என்பது அவர் கொள்கை.

"கீழே ரெண்டு கம்பி தொட்டுச்சுன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுய்யா. மேலே ரெண்டு, கீழே ரெண்டு. சரியாப் போச்சு. யாருக்கும் தொல்லை இல்லை" என்றார்.

நல்ல வழியாகத்தான் எனக்கும் பட்டது. மறுநாள் காலையில் லைன்மேனைக் கூப்பிட்டு, படிவத்தை முன்னால் வைத்து, "மஞ்சளையும் சேர்த்து எழுதிடு. உனக்கு நல்லது" என்றேன்.

அவர் பேனாவைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். "தொடாத கம்பியைத் தொட்டுச்சுன்னு எப்படிங்க எழுதறது?"

"அப்ப ஃப்யூஸ் கட்டினது தப்புன்னு ஒத்துக்கோ."

"நான் ஒழுங்காத்தாங்க கட்டினேன்."

"ரெண்டும் இல்லேன்னா பின்னே எப்படிய்யா போச்சு? பேய் வந்து பிச்சுப் போட்டுதா?"

"எனக்குத் தெரியலீங்க. உங்களுக்காவது தெரியும்னு நெனச்சேன்."

இந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிவத்தைப் பிடுங்கி, அடியில் நானே இரண்டு வரி எழுதினேன். மஞ்சள் ஃப்யூஸ் உரிய தடிமனில் கட்டப்படவில்லை. லைன்மேனின் கவனக்குறைவு. அவர் அதை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தார். பிறகு வெளியே போனார்.

மார்கழி பிறந்தது. திருச்சி ஆபீஸில் ஒருவர் லீவில் போனதால் இரண்டு வாரம் என்னை அங்கே அனுப்பினார்கள். பாலக்கரையில் ஒரு நெரிசலான தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர். அதன் மேல் ஃப்யூஸ் மூன்றையும் புதிதாகக் கட்டச் சொல்லி, அளவுத் தகட்டை வைத்து ஒவ்வொரு கம்பியின் தடிமனையும் நானே சரிபார்த்தேன். மண்ணச்சநல்லூர் மாதிரி இங்கே நடக்கக்கூடாது என்கிற ஜம்பம். லைனைப் போட்டுவிட்டு எதிர்க் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

பாதி டம்ளர்கூட ஆகியிருக்காது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இறங்கும் நீலக் கம்பி, பிடித்திருந்த கிளிப் விட்டுப்போய், என் கண் முன்னாலேயே சரிந்து இரும்புச் சட்டத்தில் விழுந்தது. படாரென்று ஒரு சத்தம். மேலே வெளிச்சம் அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீலமும் போயிருந்தது, சிவப்பும் போயிருந்தது.

கீழே ஒன்று. மேலே இரண்டு. நானே அளந்து கட்டவைத்த கம்பிகள்!

காபியை அப்படியே வைத்துவிட்டுக் கம்பத்தடியில் போய் நின்றேன். சிவப்புக் கம்பி எங்காவது தொட்டிருக்கிறதா என்று தேடினேன். தொட்டிருக்க வேண்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே தேடினேன். எங்கும் தொடவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் "எப்பங்க கரண்ட் வரும்?" என்று கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பியதும் இன்ஜினியரிடம் சொன்னேன். "அது பாலக்கரை, இது மண்ணச்சநல்லூர். எதையாவது போட்டுக் குழப்பிக்காதே" என்றார். கரண்டுக்கு ஊர் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அதன் பிறகு ஒரு வாரம் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். டிப்ளமா நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அதில் என் கையாலேயே வரைந்திருக்கிறேன்: டிரான்ஸ்ஃபார்மருக்கு உள்ளே இருக்கிற கம்பிச்சுருள்களில் மேல்பக்கத்து மூன்றும் முக்கோணமாக, கீழ்ப்பக்கத்து மூன்றும் நட்சத்திரமாக. பக்கத்தில் வாத்தியார் போட்ட பெரிய டிக். அதற்கு டெல்டா என்றும் ஸ்டார் என்றும் பெயர் சொல்லத் தெரியும். பரீட்சையில் முழு மார்க்கும் வாங்கினேன். ஆனால் அந்தக் கோடுகளுக்குள் கரண்ட் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்பும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சாப்பிடும்போது ரசம் சாதத்தில் விரலால் முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தேன். "மார்கழின்னா வாசல்லதாங்க கோலம், தட்டுலயா?" என்றாள் என் மனைவி. அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் திருச்சியில் டிரான்ஸ்ஃபார்மர் ரிப்பேர் பார்க்கிற கொட்டகைக்குப் போனேன். ஒன்றை மூடி கழற்றி, எண்ணெயை வடித்து வைத்திருந்தார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே கையை விட்டேன். சிவப்புக் கம்பி கீழே வெளியேறுகிற சுருளைக் கண்டுபிடித்தேன். உள்ளே நிற்கிற அதே இரும்புத் தூணில் அதற்கு ஜோடியாகச் சுற்றியிருந்த மேல்பக்கச் சுருளின் ஒரு முனையை விரலால் தடவிக்கொண்டே போனேன். அது மேலே சிவப்பில் போய்ச் சேர்ந்தது. சரி. அதன் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு போனேன். அது மஞ்சளில் போய் நின்றது.

மறுபடி முதலிலிருந்து தடவினேன். மறுபடியும் மஞ்சள்தான்.

இவ்வளவுதானா! கீழே ஒவ்வொரு சுருளும் ஒரு கம்பிக்கும் நடுவில் இருக்கிற பொதுப் புள்ளிக்கும் இடையில் இருக்கிறது. அந்தப் பொதுப் புள்ளியை மண்ணில் இறக்கியிருக்கிறார்கள். ஆகவே ஒரு கம்பி இரும்பைத் தொட்டால் ஒரே ஒரு சுருளில்தான் கரண்ட் பாயும். ஆனால் மேலே முக்கோணம். அங்கே ஒவ்வொரு சுருளும் இரண்டு லைனுக்கு நடுவில் கட்டியிருக்கிறது. அந்த ஒரு சுருளுக்கு வேண்டிய கரண்ட் சிவப்பு வழியாக வந்து மஞ்சள் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். வேறு போக்கிடமே கிடையாது. இரண்டு ஃப்யூஸும் உருகத்தான் உருகும். குழாயுமில்லை, ஒரு மண்ணுமில்லை. எங்கள் படிவமே அபத்தம்.

அந்தச் சந்தோஷம் பஸ் ஏறுகிற வரைக்கும்கூட நிற்கவில்லை. கீழே இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டால் மேலே என்ன ஆகும் என்று ஒரு கேள்வி வந்தது. காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. டிக்கெட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளும் தொட்டால் மேலே மூன்றிலும் கரண்ட் வருகிறது. இரண்டு சுருளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மஞ்சளில் மட்டும் மற்றதைப்போல் இரண்டு பங்கு வருகிறது. தப்பாகப் போட்டுவிட்டேன் என்று அடித்துவிட்டு மறுபடி போட்டேன். அதேதான் வந்தது. இரண்டு தொட்டால் இரண்டு போகும் என்பதுகூட நிஜமில்லை. அதாவது, அவரை எழுதச் சொல்லி நாங்கள் நீட்டினோமே ஒரு பொய், அந்தப் பொய்கூட டிரான்ஸ்ஃபார்மருக்குப் பொருந்தவில்லை. எங்கள் மூன்று பேரில் விஷயம் தெரிந்த ஒரே ஆள், தெரியவில்லை என்று சொன்னவர்தான்.

இன்ஜினியரிடம் ஓடினேன். வைகுண்ட ஏகாதசிக்கு நாலு நாள் இருந்தது. கோயிலுக்கும் வீதிகளுக்கும் தற்காலிக லைன் இழுக்கிற வேலையில் ஆபீஸே அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. டிக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். சிவப்பு எந்த இரண்டுக்கு நடுவில், நீலம் எந்த இரண்டுக்கு நடுவில் என்று பாதியிலேயே உளறிவிட்டேன்.

"நீதானே அவன் தப்புன்னு எழுதினே? இப்ப நீயே இல்லேங்கறே. நாளைக்கு என்ன சொல்லுவே?" என்றார் அவர். "ஏகாதசி முடியட்டும், போய்யா."

நான் பிடிவாதமாக நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஒரு வேளை நான் போட்ட படம்தான் தப்போ என்று ஒரு சந்தேகம். சரியாக இருந்தால் என் மானம் போகுமே என்று இன்னொரு பயம். இரண்டும் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன. ஏகாதசி முடிவதற்குள் பட்டியல் போய்விட்டது. லைன்மேன் பெயரை அதில் அடித்ததற்கு என் இரண்டு வரியைத்தான் காரணமாகக் காட்டியிருந்தார்கள்.

தை முதல் வாரத்தில் அவர் ஆபீஸுக்கு வந்து இடுப்புப் பெல்ட்டையும் கட்டிங் பிளேயரையும் கயிற்றையும் என் மேஜையில் வைத்தார். பெற்றுக்கொண்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். எனக்கு அப்போது எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் போட்டேன். "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அடுத்த காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பழைய இன்ஜினியர் ரிட்டயராகி, மாற்றலில் புதிதாக ஒருவர் வந்தார். ஒரு நாள் அவரிடம் வேறு ஏதோ பேசப் போனவன், தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் படம் போட்டு முடிப்பதற்குள்ளேயே அவர் பேசினார்.

"டெல்டா-ஸ்டார்ல அப்படித்தான்யா வரும். இதுக்கா ஒரு ஆளை வெளியே அனுப்பினீங்க?"

பைலை வரவழைத்து, என் குறிப்பு தவறானது என்று என்னையே எழுதவைத்துக் கையெழுத்தும் வாங்கினார். மேலிடத்துக்கு எழுதிப் போராடி, ஒரு காலியிடத்தில் அந்த லைன்மேனைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆர்டரும் வாங்கிவிட்டார். "நீயே கொண்டுபோய்க் கொடு" என்றார்.

விசாரித்ததில் அவர் மண்ணச்சநல்லூரில் ஒரு மில்லின் களத்தில் வேலை பார்ப்பதாகத் தெரிந்தது. மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். போகிற வழியெல்லாம் அவர் காலில் விழுவதா, கையைப் பிடித்துக்கொள்வதா என்று ஒரே குழப்பம். ஆனாலும் மனசு லேசாக இருந்தது. ஒரு வழியாக முடியப்போகிறதே என்ற நிம்மதி.

அவர் களத்தில் அவித்த நெல்லைப் பலகையால் துழாவிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "வாங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்றார்.

நான் ஆர்டரை எடுத்து நீட்டினேன். "உங்க மேல தப்பே இல்லைங்க. நான்தான் தப்பா எழுதிட்டேன். திரும்ப வேலைக்கு வாங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் காகிதத்தை வாங்கவில்லை. சங்கடமாகச் சிரித்தார்.

"இல்லீங்க சார். நீங்க எழுதினது சரிதான். அன்னைக்கு வீட்டுக்குப் போயும் சண்டை போட்டேன், நான் ஒழுங்காத்தான் கட்டினேன்னு. அப்புறம் உக்காந்து உக்காந்து நெனச்சுப் பாத்தேன். கட்டின அன்னைக்கு மழைத் தூத்தல். கை ஈரம். மஞ்சளுக்குச் சுத்தும்போது கம்பி ரெண்டு தரம் நழுவுச்சு. நான்தான் சரியாக் கட்டாம விட்டிருக்கேன்."

"ஐயோ, அப்படி இல்லைங்க!" என்றேன். குச்சி ஒன்றை எடுத்து, களத்தின் ஓரத்து மண்ணில் முக்கோணத்தையும் நட்சத்திரத்தையும் போட்டேன். சிவப்பு இங்கே, மஞ்சள் இங்கே, கரண்ட் இப்படி வந்து இப்படித் திரும்பும், யார் கட்டியிருந்தாலும் இரண்டும் போயிருக்கும், பாலக்கரையில் நான் கட்டவைத்ததே போயிற்று என்று விளக்கினேன். இந்தத் தடவை உளறவில்லை. அவர் மரியாதைக்குக் குனிந்து பார்த்தார்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க. ரொம்ப சந்தோசங்க" என்றார். "ஆனா கம்பத்துல ஏறறதுன்னா இப்பப் பயமா இருக்குங்க. நான் கட்டினதை நானே நம்ப மாட்டேன். எவனாவது லைன்ல கையை வச்சு, என்னால ஒண்ணு ஆயிட்டா? வேண்டாங்க."

"நான் நல்லாப் படிச்சுப் பார்த்துட்டுத்தாங்க சொல்றேன்!"

"அன்னைக்கும் படிச்சுட்டுத்தானுங்களே சொன்னீங்க."

குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. என் படிப்பின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. வெயில் ஏறுகிறது, நெல்லைப் புரட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டார். நான் ஆர்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அடுத்த வாரம் அந்த இடத்துக்கு வேறு ஓர் ஆளை எடுத்தோம்.